பாய் போட்ட முடிச்சு

என் நாவல்களில் பிழை கண்டுபிடித்து மெயில் அனுப்பும் வாசகர்கள் சிலர் இருக்கிறார்கள். ‘நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கைரேகை நிபுணர் செய்வதுபோல் நடைமுறையில் யாரும் செய்வதில்லை’ என்று ஆரம்பிப்பார்கள். ‘நன்றி’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அரை நாள் புகைந்துகொண்டிருப்பேன். என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்திருந்தேன். அவர் என்னிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் என் பக்கங்களைத் தொட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலாவது நாவலை எழுதி முடித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும்முன் அதை அவர் படிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுதான் நடக்க மாட்டேன் என்கிறது.

செங்கல்பட்டு கோர்ட்டில் இருபத்தோரு வருடம் வக்கீலாக இருந்தேன். கிரிமினல் பக்கம். பெண் வக்கீல் என்றால் விவாகரத்து, ஜீவனாம்சம் என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். நான் கொலை வழக்கு நடத்தினேன். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று என் அம்மாவுக்கே ஆச்சரியம். ஆனால் வாயை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீல் தொழில் பண்ண முடியாது. எந்த வழக்குக்கு என்றைக்கு வாய்தா, எந்தத் தீர்ப்பின் நகல் வந்துவிட்டது, எந்தச் சாட்சி ஊரில் இல்லை என்பதெல்லாம் ஒருவர் தலையில் இருக்க வேண்டும். எனக்கு அந்தத் தலை பாயுடையது.

பாய் செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடையை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கோர்ட் வளாகத்தில் எத்தனையோ பாய்கள் இருந்தார்கள். ஆனாலும் வெறும் ‘பாய்’ என்று சொன்னால் டீக்கடையிலிருந்து நீதிபதியின் அறை வரைக்கும் அது இவர்தான். ஒல்லியான உடம்பு, தலை நிறைய நரைத்த முடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். பேனா வக்கீலுக்கு, பென்சில் குமாஸ்தாவுக்கு என்பது அவர் கணக்கு.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வழக்குக் கட்டை எல்லாரும் நாடாவால் சுற்றி, ஷூ லேஸ் மாதிரி நடுவில் ஒரு பூ முடிச்சுப் போடுவார்கள். பாய் அப்படிப் போட மாட்டார். நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டின் இடது ஓரத்துக்குக் கொண்டுவருவார். அங்கே இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு திருப்புத் திருப்புவார். ஒரு வால் குட்டையாக நிற்கும், ஒரு வால் நீளமாகத் தொங்கும். நீள வாலை இழுத்தால் கட்டு முழுசாகத் திறந்துகொள்ளும். குட்டை வாலை இழுத்தால் இறுகும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, கடையில் துணிப் பார்சலுக்குப் போட்ட முடிச்சாம் அது. வேறு யாராவது கட்டைப் பிரித்துவிட்டு மறுபடியும் கட்டினால் பாய்க்கு வாசற்படியிலிருந்தே தெரிந்துவிடும்.

“எவனோ கை வச்சிகீறான் மேடம்,” என்பார். ஒருமுறைகூட அவர் சொன்னது தப்பாக இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் எழுதும் மனுக்களில் தப்பு இருந்தால் பாய் ஆபீஸுக்குள் வைத்து என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். “இன்னா மேடம், செத்தவன் பேர எதிரி பேரா போட்டுக்கீறீங்க, அவன எழுப்பி இட்டாந்து கூண்டுல நிறுத்தணுமா?” என்பார். நான் கத்துவேன், அவரும் விட மாட்டார். ஆனால் காகிதம் கோர்ட்டில் தாக்கல் ஆகிவிட்டால் கதை வேறு. அதற்குப் பிறகு தப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் வெளியே ஒருத்தரிடமும் மூச்சு விட மாட்டார். கட்சிக்காரரோ எதிர்த்தரப்புக் குமாஸ்தாவோ வந்து குத்திக் காட்டினால், “மேடம் ரோசன பண்ணிதான் எழுதிகீறாங்க,” என்று கல் மாதிரி நிற்பார். தாக்கலுக்கு முன்னால் சண்டை, தாக்கலுக்குப் பின்னால் வாய்ப்பூட்டு. அதுதான் அவர் தொழில் பண்ணிய விதம்.

முதல் நாவலை நான் ஒரு மே மாத விடுமுறையில் எழுதினேன். கோர்ட் மூடியிருந்தது, வீட்டில் வெயில், என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகர் ஃபேக்டரியில் ஷிப்ட். வாதாட யாரும் இல்லாமல் வாய் அரித்தது. சொந்தமாக ஒரு கொலையைச் செய்து, சொந்தமாக ஒரு வழக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் நானே வாதாடினேன். ஜூன் மாதம் கோர்ட் திறந்ததும் அந்தக் காகிதங்களை பாயிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. எதை எழுதினாலும் முதலில் அவர் கையில் கொடுப்பதுதான் பழக்கம்.

நாலு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். கட்டு மாதிரியே நாடா போட்டு, இடது ஓரத்தில் அவருடைய முடிச்சோடு. திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல்மூலையிலும் பென்சிலால் எண் போட்டிருந்தது. நான் பக்க எண் போடாமலே கொடுத்துவிட்டேனாம். “நெம்பர் இல்லாத காயிதம் காயிதமே இல்ல மேடம். ஒண்ணு காணாப் போனா யார கேக்கறது?” என்றார். ஓரத்தில் குறிப்புகள். ‘அன்று ஞாயிறு. கோர்ட் கிடையாது.’ ‘சாட்சி மதுராந்தகத்தில் எட்டரை பஸ் ஏறினால் ஒன்பது மணிக்கு இங்கே எப்படி?’ ‘ஜட்ஜ் ரொம்ப சிரிக்கிறார்.’ கடைசிப் பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டபோது, “அது ஜட்ஜு சொல்லணும், நான் குமாஸ்தா,” என்றார்.

இரண்டாவது நாவலும் அப்படித்தான் போனது. வாசகர்கள் ‘கோர்ட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது’ என்று எழுதினார்கள். அந்தப் பாராட்டில் பாதி பாயுடையது. முன்னுரையில் அவர் பெயரைப் போடுகிறேன் என்றேன். “குமாஸ்தா பேரு மனுவுல வராது மேடம்,” என்று மறுத்துவிட்டார்.

மூன்றாவது நாவலுக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

பதிப்பாளர், கடைசிப் பக்கம் வரை யாரும் சந்தேகப்படாத ஆள் கொலைகாரராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரை யாருமே சந்தேகப்பட மாட்டார்கள் என்று யோசித்தேன். நான் யாரைச் சந்தேகப்படவே மாட்டேனோ அவரைத்தான். பதில் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து நாடா வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவுகிறார், அதை மறைக்க ஒரு கொலையும் செய்கிறார். யாருக்கும் தெரியாமல் கட்டை மறுபடியும் கட்டி வைக்கிறார். பழக்கதோஷத்தில் தன்னுடைய முடிச்சையே போட்டுவிடுகிறார், மாட்டிக்கொள்கிறார். இது மனதில் வந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதில் மட்டும் வக்கீல் புத்தியோடு வேலை செய்தேன். மதத்தை மாற்றினேன். ஊரை மதுராந்தகம் ஆக்கினேன். ஒல்லி உடம்புக்குத் தொந்தி வைத்தேன், நரைமுடியை வழுக்கை ஆக்கினேன், டீ தவிர எதையும் தொடாதவர் வாயில் வெற்றிலையைத் திணித்தேன். அடையாள அணிவகுப்பு நடத்தினால் எந்தச் சாட்சியும் விரல் நீட்ட முடியாது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். முடிச்சை மட்டும் மாற்றவில்லை. துப்பு நிஜமானதாக இருந்தால்தான் துப்பு என்று நினைத்தேன். இத்தனை வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டியும் ஒன்று எனக்கு உறைக்கவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கையில் இருக்கும் கட்டைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் புத்தகத்தை மட்டும் அச்சுக்கு முன்னால் பாயிடம் காட்டவில்லை. புத்தகக் கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது, பதிப்பாளர் அவசரப்படுத்தினார் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். முழுசாக ஒரு வாரம் இருந்தது. காட்டினால் “வேணாம் மேடம்” என்பார், நான் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த முடிவு வேண்டும். அவ்வளவு ஆசை.

புத்தகம் வந்த பிறகு ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள், “படிச்சீங்களா பாய்?” என்றேன்.

“படிச்சேன் மேடம். நல்லா ஓடும்.”

“கோவமா?”

“கோவம் இன்னா?”

“கதைதானே பாய்,” என்றேன்.

“கதைதான் மேடம்,” என்று சொல்லிவிட்டு அன்றைய வழக்குப் பட்டியலை எடுத்து நீட்டினார். பென்சில் பையிலேயே இருந்தது.

முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. வக்கீல்கள் அறையில் ஒருவர் பாயை மடக்கி, “பாய், எங்க கட்டுலாம் பத்தரமா கீதா? எதனா உருவிட்டீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பாயும் சிரித்தார், வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். பிறகு டீக்கடையில். பிறகு நகல் பிரிவில். அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் யாராவது இடது ஓரத்தைக் காட்டி இன்னொருத்தர் காதில் கிசுகிசுப்பார்கள்.

பிறகு ஒரு நாள் அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். நிலத் தகராறில் அடிதடியாகிப் பத்து வருடமாக எங்களிடம் நடந்து தேய்ந்தவர். தன் மூலப் பத்திரத்தை மகனிடம்கூடக் கொடுக்காமல் பாயிடம் கொடுத்து வைத்திருந்தார். “பாய், அந்தப் பத்தரத்த குடுத்துடேன், வூட்ல ஒரு வேல கீது,” என்றார். பாய் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே, எங்கள் இருவர் முன்னாலும், எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ணினார். பாய் கொடுத்த காகிதத்தை அதுவரைக்கும் யாரும் எண்ணிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியும் பாவமும் செய்தவள் நான், குனிந்து நின்றது அவர்.

அந்தச் சனிக்கிழமை பீரோச் சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

“கண்ணு சரியா தெரியல மேடம். ஆப்பரேஷன் பண்ணணும்றாங்க.”

“பண்ணிட்டு வாங்க பாய்.”

“பாக்கலாம் மேடம்.”

இந்தப் ‘பாக்கலாம்’ எனக்குத் தெரிந்த வார்த்தை. தோற்கப்போகும் வழக்கைக் கொண்டுவரும் கட்சிக்காரர்களிடம் அவர் சொல்வது. இல்லை என்று மனிதர்கள் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல அவருக்கு வராது. கண் ஆப்பரேஷன் நடந்தது, கண் நன்றாகத் தெரிந்தது, இரண்டு தெரு தள்ளி ஒரு சிவில் வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நான் போய்க் கூப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என் கோபம் அப்படிப்பட்டது, தப்பு என் பக்கம் இருந்தால் இரண்டு மடங்காக வரும். ஒரு கதைக்குப் போய் இவ்வளவு ரோஷமா என்று வீட்டில் பாத்திரத்தை உருட்டினேன். புத்தகம் நன்றாக விற்றது, மறுபதிப்பு வந்தது, அந்த முடிச்சு வரும் இடத்தை எல்லாரும் பாராட்டினார்கள். பாய் இல்லாமல் ஒரு வருடம் தொழில் நடத்தினேன். இரண்டு வாய்தாக்களைத் தவறவிட்டேன். ஒரு நீதிபதி எல்லார் முன்னாலும், “என்ன மேடம், நாவல் எழுதவே நேரம் சரியா இருக்கா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

ஆபீஸை மூடிய வாரம் ஒவ்வொரு கட்டாக வேறு வக்கீல்களுக்கு மாற்றினேன். கட்சிக்காரர் புது வக்காலத்து கொண்டுவருவார். பழைய வக்கீல் அதில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. எழுதி எழுதிக் கை வலித்தது. பழைய கட்டுகள் பலவும் பாயின் முடிச்சோடுதான் இருந்தன. வந்தவர்கள் நீள வாலை இழுத்தார்கள், திறந்து பார்த்தார்கள், பூ முடிச்சுப் போட்டு எடுத்துப் போனார்கள். அதில் ஒன்றையாவது அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசிக் கட்டும் போன பிறகுதான் தோன்றியது.

இப்போது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம் ஒரு வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார். காலையில் குப்பத்துப் படகுகள் திரும்பும், மீன் வாங்கப் போவார். பகலெல்லாம் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தம், ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகள். எழுதுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று பேட்டி எடுக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கடல் அலுத்துவிட்டது. கடலுக்கு எதிர்த்தரப்பு கிடையாது, கத்தினால் அதுவும் கத்தும், அவ்வளவுதான். டவாலி வெளியே வந்து மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன். மூன்றாவது தடவைக்கு முன்னால் சாட்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவரும் பாய்க்காக ஏங்குகிறேன். “வந்துகினே கீறாரு, வந்துட்டாரு!” என்று அவர் போடும் சத்தம் சில காலைகளில் நிஜமாகவே காதில் விழுகிறது.

நாலாவது நாவலை முடித்ததும் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது. பக்க எண் தானாக விழும் வசதியை எடுத்துவிட்டுத்தான் அச்சடித்தேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன். ஒரு திங்கட்கிழமை அந்தக் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். காரை எடுக்கவில்லை, காரில் போய் இறங்கினால் நாவலாசிரியை மாதிரி இருக்கும் என்று பட்டது. செங்கல்பட்டில் இறங்கி, கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்க வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சிவில் வக்கீலின் ஆபீஸுக்குப் போனேன். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். பாய் மட்டும் இருந்தார்.

“வாங்க மேடம்,” என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கீழே குரல் கொடுத்து டீ சொன்னார். சர்க்கரை பாதி என்று நான் சொல்லாமலே சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

அலமாரி நிறையக் கட்டுகள் அடுக்கியிருந்தன. என்னை அறியாமல் இடது ஓரங்களைப் பார்த்தேன். ஒன்றிலும் அந்த முடிச்சு இல்லை. எல்லாவற்றிலும் நடுவில், எல்லாரும் போடுகிற பூ முடிச்சு.

“இதெல்லாம் யார் கட்டினது பாய்?”

“நான்தான் மேடம்.”

“அப்போ உங்க முடிச்சு?”

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். “அத்த போட்டா ஜனங்க பாக்குறாங்க மேடம். இன்னாத்துக்கு?” என்றார்.

அத்தாவின் கடையிலிருந்து கையோடு கொண்டுவந்ததை நாற்பது வருடத்துக்குப் பிறகு விட்டிருக்கிறார். நான் விட வைத்திருக்கிறேன். “நான் தப்புப் பண்ணிட்டேன் பாய். உங்ககிட்ட கேக்காம எழுதியிருக்கக் கூடாது,” என்றேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

“வுடுங்க மேடம். கதைதானே.”

அன்றைக்கு நான் சொன்ன அதே வார்த்தை. குத்தலாகச் சொல்லவில்லை, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார். பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேல் பக்கத்தைப் பார்த்தார். எண் இல்லை என்பதைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், கை ஒரு நிமிடம் சட்டைப் பைக்குப் போனது. அப்புறம் இறங்கிவிட்டது.

“வச்சிட்டுப் போங்க மேடம். பாக்கலாம்.”

நானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், வீட்டுக்காரர் உடம்பை விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வெறி. அவர் விட்டுவிட்டால் என்ன, அந்த முடிச்சு இந்த உலகத்தில் ஒரு கட்டிலாவது இருக்க வேண்டும். இந்த நாவலை நானே அந்த முடிச்சுப் போட்டு அவருக்கு அனுப்புவேன் என்று முடிவு செய்தேன். பழைய பெட்டியில் கொஞ்சம் நாடா கிடைத்தது. வீட்டுக்காரர் மூன்றாவது நாவலை விரித்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். நான் வரிக்கு வரி செய்தேன். குறுக்கும் நெடுக்கும், இடது ஓரம், இரண்டு விரல், ஒரு திருப்பு. குட்டை வாலை இழுத்தேன். இறுகவில்லை, மொத்தமும் அவிழ்ந்து மடியில் விழுந்தது.

மறுபடியும் கட்டினேன். மறுபடியும் அவிழ்ந்தது. நாடா வழுக்குகிறது என்றேன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் அவர். ஆறேழு தடவைக்குப் பிறகு புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு அவரே கட்டிப் பார்த்தார். ஃபேக்டரியில் முப்பது வருடம் தர சோதனைப் பிரிவில் இருந்தவர். நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பீஸ் மேல குத்தம் இல்ல. ட்ராயிங்கே தப்பு,” என்றார்.

அவர் சொன்னது சரி. இருபத்தோரு வருடம் அந்தக் கட்டுகளை நீள வாலை இழுத்துத் திறந்துகொண்டே இருந்தேன். அதைப் போடும்போது பாயின் கையை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பார்த்த மாதிரி எழுதினேன். இங்கே மேலே நான் விவரித்திருப்பதும் அதே தப்பான வரிகள்தான், மாற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கைரேகைக்கு மெயில் போட்ட வாசகர்களில் ஒருவர்கூட இந்த முடிச்சைக் கட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

வெயில் தாழ்ந்த நேரம் பாய்க்குப் போன் செய்தேன். எடுத்தார்.

“பாய், அந்தப் புஸ்தகத்துல முடிச்சத் தப்பா எழுதியிருக்கேன். கட்டினா அவுந்துடுது.”

“ஆமா மேடம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மொத தபா படிக்கறப்பவே தெரியும். திருப்பு உள்பக்கம் இல்ல, வெளிபக்கம். வெரலும் ரெண்டு இல்ல, கட்ட வெரலு.”

எனக்கு வக்கீல் மூளை மட்டும் இன்னும் சாகவில்லை. அது ஓட ஆரம்பித்தது. இவர் கையில் முழுமையான ஒரு எதிர்வாதம் இருந்திருக்கிறது. அன்றைக்கு வக்கீல்கள் அறையில் ஒரு கட்டை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடி கட்டி, அவிழ்வதைக் காட்டியிருக்கலாம். பிறகு தன் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பாருங்கடா என்று சொல்லியிருக்கலாம். இது வேறு, அது வேறு, அந்தக் கதையில் இருப்பது நான் இல்லை. இரண்டு நிமிடத்தில் அத்தனை வாயும் அடைத்திருக்கும். அந்த அச்சரப்பாக்கத்துக்காரர் எச்சில் தொட்டு எண்ணியிருக்க மாட்டார்.

“அதக் காட்டியிருக்கலாமே பாய்? அவங்க கிண்டல் பண்ணப்போ, இது என் முடிச்சே இல்ல, மேடம் எழுதினது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. ஏன் சொல்லல?”

அந்தப் பக்கம் ஆட்டோ சத்தமும் யாரோ ஜெராக்ஸுக்கு எத்தனை காப்பி என்று கேட்பதும் கேட்டது.

“எப்டி மேடம் சொல்றது?” என்றார். “அதான் தாக்கல் ஆயிடுச்சே. தாக்கல் ஆனப்பறம் உங்க தப்ப நான் என்னிக்கு வெளிய சொல்லிகீறேன்?”

தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.

நாலாவது நாவலின் காகிதங்கள் இன்னும் மேஜைமேல்தான் இருக்கின்றன. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறேன். பதிப்பாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பக்க எண் மட்டும் பாக்கி என்று சொல்லியிருக்கிறேன். அதை நானே போட்டால் என்ன என்கிறார். அது என் வேலை இல்லை.